ஆன் நம்ம கையில, ஆஃப் சென்சார் கையில



நம்ம காலேஜ்ல ப்ராஜெக்ட் எக்ஸ்போ எப்போ நடந்தாலும் ஒரு டேபிள் கண்டிப்பா இருக்கும். தெர்மாகோல்ல ஒரு குட்டி கிளாஸ்ரூம், உள்ள நாலு எல்இடி, சுவத்துல ஒரு பிஐஆர் சென்சார், பின்னாடி ஒரு ஆர்டுயினோ. கையை ஆட்டினா லைட் எரியும். கையை எடுத்தா கொஞ்ச நேரத்துல அணையும். சார்ட்ல பெருசா "ஸ்மார்ட் எனர்ஜி சேவிங் கேம்பஸ்"னு எழுதியிருக்கும். ஜட்ஜ் தலையாட்டுவார், சர்டிபிகேட் வரும், மாடல் லேப் பீரோ மேல ஏறிடும். அதே நேரத்துல அதே பிளாக்ல, ஆளே இல்லாத கிளாஸ்ல எட்டு ஃபேன் சுத்திக்கிட்டு இருக்கும்.

இப்போ அந்த மாடல் நிஜக் கட்டடத்துக்கு வரணும்னு பேச்சு அடிபடுது. "எல்லா கிளாஸ்லயும் சென்சார் போட்டா கரண்ட் பில் பாதியாயிடும்"னு ஒரு குரூப். "லைட்டை அணைக்கக்கூட மெஷின் வேணுமா?"ன்னு இன்னொரு குரூப். நான் டிரிபிள் ஈ, கடைசி வருஷம். சென்சார் வேணும்னு சொல்ற பக்கம்தான் நிக்கிறேன். ஆனா அவங்க கேக்குற மாதிரி இல்ல.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். போடுற வேலை மனுஷன்கிட்டயே இருக்கட்டும். அணைக்கிற வேலையை மட்டும் சென்சார்கிட்ட கொடுப்போம். அதுவும் லைட்டை மட்டும் நம்பாம, ஃபேனையும் ஏசியையும் சேர்த்து. ராத்திரி நடைபாதையில மட்டும் அணைக்கிற அதிகாரம் யாருக்குமே வேண்டாம், சென்சாருக்கும் சேர்த்துத்தான். ஏன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல கணக்கு

60 பேர் உட்கார்ற ஒரு சாதாரண கிளாஸ்ரூமை எடுத்துக்குவோம். 20 வாட் எல்இடி ட்யூப்லைட் 8. சாதாரண சீலிங் ஃபேன் 8, ஒவ்வொண்ணும் ஃபுல் ஸ்பீடுல சுமார் 75 வாட். லைட் மொத்தம் 160 வாட், ஃபேன் மொத்தம் 600 வாட். அந்த ரூம் இழுக்குற 760 வாட்ல லைட்டோட பங்கு 21 சதவீதம்தான்.

பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நிலைமை வேற. அப்போ இருந்தது 36 வாட் குழல்விளக்கு. சோக்கும் சேர்ந்து 50 வாட் கிட்ட இழுக்கும். எட்டு விளக்குக்கு 400 வாட். அந்தக் காலத்துல லைட்டை அணைச்சா நிஜமாவே பெரிய மிச்சம். எல்இடி வந்ததும் அந்த 400, 160 ஆயிடுச்சு. அதாவது பெரிய மிச்சம் ஏற்கனவே கிடைச்சாச்சு. ஆனா நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் மட்டும் இன்னும் பழைய சதவீதத்தையே சீனியர்கிட்ட இருந்து ஜூனியருக்குக் கைமாத்திக்கிட்டு இருக்கு.

சென்சார் எவ்வளவு மிச்சம் பண்ணும்? அமெரிக்காவோட லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம், இது சம்பந்தமா வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஆள் இருக்கிறதைக் கண்டுபிடிக்கிற சென்சாரால விளக்குக்கான மின்சாரத்துல சராசரியா 24 சதவீதம் மிச்சமாகுதுன்னு அவங்க கணக்கு. நல்ல எண்ணிக்கைதான். ஆனா நம்ம ரூம்ல லைட்டே 21 சதவீதம். 21-ல 24 சதவீதம்னா ரூமோட மொத்தத்துல வெறும் 5. பில் பாதியாகும்னு சொல்றவங்க இந்தப் பெருக்கலைப் போடவே இல்ல.

இன்னும் நேரடியா பார்க்கலாம். ஒரு கிளாஸ் தினமும் 2 மணி நேரம் ஆளில்லாம ஓடுதுன்னு வச்சுக்குவோம். வருஷத்துக்கு 200 வேலை நாள். யூனிட் 8 ரூபாய்னு தோராயமா எடுத்துக்குவோம்.

லைட்டால வீணாகுறது 64 யூனிட், 512 ரூபாய்.
ஃபேனால வீணாகுறது 240 யூனிட், 1,920 ரூபாய்.

ரெண்டு சென்சார், வயரிங், கூலி எல்லாம் சேர்த்து ஒரு ரூமுக்கு 3,000 ரூபாய் ஆகுதுன்னு வைங்க. லைட்டை மட்டும் கண்ட்ரோல் பண்ணினா போட்ட காசு திரும்பி வர கிட்டத்தட்ட 6 வருஷம். இன்னும் 1,000 ரூபாய் செலவு பண்ணி ஒரு கான்டாக்டர் வச்சு ஃபேனையும் அதே சென்சார்ல சேர்த்துட்டா, 20 மாசத்துல காசு வந்துடும். அதே சென்சார், அதே சுவர், அதே எலக்ட்ரீஷியன் அண்ணன். என்ன இணைக்கிறோம்ங்கிறதுதான் வித்தியாசம்.

ஏன் கான்டாக்டர்? எக்ஸ்போ மாடல்ல வர்ற குட்டி ரிலே, எட்டு ஃபேன் மோட்டார் ஒரே நேரத்துல ஸ்டார்ட் ஆகுறப்போ வர்ற கரண்ட்டைப் பல வருஷம் தாங்காது. கான்டாக்ட் தேஞ்சு ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா அப்புறம் அணையவே அணையாது. அணைக்கிறதுக்குன்னு வாங்கினதே அணைக்க விடாம பண்ணும்.

செமினார் ஹால் இன்னும் மோசம். ஒன்றரை டன் ஏசி ஒண்ணு கம்ப்ரஸர் ஓடுறப்போ சுமார் 1,500 வாட் எடுக்கும். அது 75 எல்இடி ட்யூப்லைட்டுக்குச் சமம். கெஸ்ட் லெக்சர் முடிஞ்சு போட்டோ எடுத்துட்டு எல்லாரும் சாப்பிடப் போனதுக்கு அப்புறமும் ஏசி ஓடிக்கிட்டே இருக்குற ஹால்ல, லைட்டுக்கு மட்டும் சென்சார் வைக்கிறது, ஓட்டைப் பானையில தண்ணி புடிச்சுட்டு வெளிய சிந்தினதைத் துணியால துடைக்கிற மாதிரி.

சென்சாருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது

பிஐஆர் சென்சார் ஆளைப் பார்க்குறதில்ல. உடம்புல இருந்து வர்ற அகச்சிவப்புக் கதிர் ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு நகருதான்னு பார்க்குது, அவ்வளவுதான். மேல இருக்குற வெள்ளை பிளாஸ்டிக் லென்ஸ் ரூமைப் பல பட்டைகளாப் பிரிக்குது. ஒரு பட்டையில இருந்து அடுத்த பட்டைக்கு வெப்பம் தாண்டினா சிக்னல் வரும். அசையாம உட்கார்ந்திருக்கிற ஆள் அதைப் பொறுத்தவரை பெஞ்சுக்குச் சமம்.

இதுல திருச்சிக்குன்னு ஒரு தனிப் பிரச்சினை இருக்கு. சுத்தியிருக்கிற சூட்டுக்கும் நம்ம உடம்பு மேற்பரப்புச் சூட்டுக்கும் இருக்குற வித்தியாசத்தை வச்சுத்தான் இந்த சென்சார் வேலை பார்க்குது. நம்ம தோல் சுமார் 33, 34 டிகிரி. 24 டிகிரி ஏசி ரூம்ல நாம பளிச்னு தெரிவோம். ஏப்ரல், மே மாசம் நம்ம ஊர்ல வெயில் 38, 40னு போறப்போ, சிமெண்ட் சுவரும் நாமளும் கிட்டத்தட்ட ஒரே சூடு. சென்சார் கண்ணுக்கு எல்லாம் ஒண்ணாத் தெரியும். செமஸ்டர் எக்ஸாம் எப்போ வருதுன்னு உங்களுக்கே தெரியும். அறுபது பேர் தலை குனிஞ்சு எழுதிட்டு இருக்காங்க, ஃபேன் நின்னுடுச்சு, கையை ஆட்டினா இன்விஜிலேட்டர் வந்து "என்னப்பா, பிட்டா?"ன்னு கேப்பாங்க. இந்த நிலைமை வரக்கூடாதுன்னா, எக்ஸாம் நேரத்துல சென்சாரை விலக்கி வைக்க சுவத்துலயே ஒரு வழி இருக்கணும்.

"அப்போ ரேடார் சென்சார் போடலாமே"ன்னு கேப்பீங்க. போடலாம். 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் மாட்யூல், மூச்சு விடுறப்போ நெஞ்சு அசையுறதைக்கூட கண்டுபிடிக்கும். ஆனா சுத்துற ஃபேன் இறக்கையும் அதுக்கு அசைவுதான். சரியா ட்யூன் பண்ணலைன்னா, ஃபேன் ஓடுறதைப் பார்த்து ஆள் இருக்குன்னு நினைக்கும். ஆள் இருக்குன்னு நினைச்சு ஃபேனை ஓட விடும். விடிய விடிய ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு துணை. 5.8 கிகாஹெர்ட்ஸ் வகையா இருந்தா மரக் கதவு, கண்ணாடி, மெல்லிய தடுப்பு எல்லாத்தையும் தாண்டிப் பார்க்கும். காரிடர்ல ஒருத்தர் நடந்தா உள்ள லைட் எரியும்.

இதுக்கெல்லாம் எளிமையான தீர்வு ஒண்ணு இருக்கு. லைட்டை சென்சார் போடவே கூடாது. ஸ்விட்ச்சை நாம தட்டணும். ஆள் போன பிறகு சென்சார் அணைக்கணும். இது சின்ன மாத்தம் மாதிரித் தெரியும். யோசிச்சுப் பாருங்க: காலையில பதினோரு மணி, ஜன்னல் வழியா நல்ல வெளிச்சம். யாரோ ஒருத்தர் விட்டுட்டுப் போன வாட்டர் பாட்டிலை எடுக்க காலியான கிளாஸுக்குள்ள நுழையுறாங்க. தானா எரியுற சென்சாரா இருந்தா எட்டு லைட்டும் எட்டு ஃபேனும் ஸ்டார்ட் ஆகி, அடுத்த 15 நிமிஷம் ஓடும். ஸ்விட்ச் நம்ம கையில இருந்தா? பாட்டிலை எடுத்துட்டுப் போயிடுவாங்க, அவ்வளவுதான். மிஷினுக்கு "வேணுமா?"ன்னு கேக்கத் தெரியாது. மனுஷனுக்குத் தெரியும். மனுஷனுக்கு "வேண்டாம்"னு ஞாபகம் வராது. மிஷினுக்கு வரும். ரெண்டு பேரும் அவங்கவங்களுக்கு வர்ற வேலையைப் பார்க்கட்டும்.

ஸ்விட்ச்சைப் பிடுங்கினா என்ன ஆகும்

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல வில்பிரகாம்னு ஒரு ஊர். அங்க மின்னெசாக் ரீஜனல் ஹைஸ்கூல்னு ஒரு பள்ளி, 2012-ல கட்டினது. மின்சாரத்தை மிச்சம் பண்ணத்தான் மொத்த விளக்கையும் ஒரே சாஃப்ட்வேர்கிட்ட கொடுத்தாங்க. 2021 ஆகஸ்ட்ல அந்த சாஃப்ட்வேர் படுத்துடுச்சு. படுத்தா எல்லா லைட்டும் எரியுற நிலையிலயே நிக்கிற மாதிரி டிசைன். சுமார் 7,000 விளக்கு, ராத்திரி பகல், லீவு நாள் எல்லாம் சேர்த்து, ஒன்றரை வருஷத்துக்கு மேல எரிஞ்சுக்கிட்டே இருந்தது. சுவத்துல அணைக்கிற ஸ்விட்ச் கிடையாது. சிஸ்டம் போட்ட கம்பெனி கை மாறிடுச்சு. மாத்துறதுக்கான பாகங்கள் வர நாளாச்சு. டீச்சர்ங்க சில இடத்துல பல்பைக் கழட்டி வச்சு சமாளிச்சாங்க. 2023 ஜனவரியில இது உலகம் முழுக்க செய்தி ஆச்சு.

இதைச் சொல்றது கிண்டல் பண்ண இல்ல. சாஃப்ட்வேர் கம்பெனி மூடும், ஆப்புக்கு அப்டேட் நின்னுடும், அட்மின் பாஸ்வேர்டு தெரிஞ்சவர் வேற வேலைக்குப் போயிடுவார். சுவத்துல இருக்குற பத்து ரூபாய் சமாச்சாரம் மட்டும் அப்படியே இருக்கும். அதனால எந்த சிஸ்டம் வாங்கினாலும் முதல் கேள்வி, "நெட் இல்லைன்னா, சர்வர் இல்லைன்னா, கம்பெனியே இல்லைன்னா, இந்த லைட்டை நான் கையால அணைக்க முடியுமா?"ன்னு இருக்கணும். பதில் இல்லைன்னா வாங்கவே வேண்டாம்.

நம்ம நாட்டு விதியே இதைத்தான் சொல்லுது. 2007-ல மத்திய அரசு கொண்டுவந்த எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, சுருக்கமா இசிபிசி. 500 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற கட்டடங்கள்ல விளக்குகளுக்குத் தானியங்கிக் கட்டுப்பாடு வேணும், பள்ளி வகுப்பறைகளுக்கு ஆள் இருப்பறியும் சென்சார் வேணும், வெளி விளக்குகளுக்கு வெளிச்சம் பார்க்கிற சென்சாரோ சூரிய நேரம் தெரிஞ்ச டைமரோ வேணும்னு அப்பவே எழுதியிருந்தாங்க. அதே விதியிலதான் ஒவ்வொரு அறையிலயும் உள்ள இருக்கிறவங்க இயக்குற மாதிரி கண்ட்ரோல் இருக்கணும்னும் இருக்கு. ஆள் போனதும் 30 நிமிஷத்துக்குள்ள அணையணும்னு 2007-ல சொன்னாங்க. 2017-ல திருத்தினப்போ அதை 15 நிமிஷமாக் குறைச்சாங்க. அந்த 15 நிமிஷம் நமக்கும் சரியா வரும். 5 நிமிஷம் வச்சா பத்து நிமிஷ பிரேக்ல ஒரு தடவை அணைஞ்சு, மறுபடி எரியும். ஃபேனுக்கும் நல்லதில்ல, நமக்கும் எரிச்சல்.

2007-ல எனக்கு மூணு வயசு. அதனால "புதுமையான ஐடியா"ன்னு இதை யாராவது உங்ககிட்ட சொன்னா, சிரிச்சுட்டு விட்டுடுங்க.

முற்றத்து வெளிச்சம்

எங்க வீடு ஸ்ரீரங்கத்துல. உத்தர வீதி, சித்திரை வீதிப் பக்கம் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீங்க. வாசல் குறுகலா இருக்கும், உள்ள ரயில் பெட்டி மாதிரி நீளமாப் போகும். ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ஜன்னல் வைக்கவே இடம் கிடையாது. ஆனாலும் பகல்ல கூடத்துல விளக்குப் போடத் தேவைப்படாது, ஏன்னா நடுவுல முற்றம் இருக்கும். வெயில் நேரா முகத்துல அடிக்காம, சுவத்துல பட்டு மெதுவா உள்ள வரும்.

நம்ம புது பிளாக்ல ரெண்டு பக்கமும் பெரிய ஜன்னல். ஆனா போர்டுல வெயில் அடிக்குதுன்னு ஸ்கிரீனை இழுத்து மூடிட்டு, பட்டப்பகல்ல எட்டு லைட்டும் போட்டுக்குறோம். காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்ல, வயரிங்கும்தான். பெரும்பாலான கிளாஸ்ல ஒரு ஸ்விட்ச் தட்டினா போர்டு பக்கத்துல இருந்து கடைசி பெஞ்ச் வரைக்கும் நீளவாக்குல எரியும், இல்லைன்னா மொத்தமா எரியும். நமக்கு வேண்டியது ஜன்னலோரத்து வரிசைக்குத் தனி ஸ்விட்ச், உள்பக்க வரிசைக்குத் தனி ஸ்விட்ச், போர்டுக்குத் தனி ஸ்விட்ச். ஜன்னல் வெளிச்சம் வர்ற பகுதிக்குத் தனிக் கட்டுப்பாடு வேணும்னு இசிபிசியும் சொல்லுது. இதுக்கு சென்சாரே தேவையில்ல. அடுத்த தடவை பெயிண்ட் அடிச்சு வயரிங் மாத்துறப்போ எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட சொன்னா போதும். காலேஜ்லயே ரொம்ப மலிவான கண்ட்ரோல் சிஸ்டம் இதுதான்.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன், நான் வெளிச்சத்துக்கு எதிரி இல்ல. வைகுண்ட ஏகாதசிக்கு ராஜகோபுரம் முழுக்க லைட் போட்டிருக்கிறப்போ, 236 அடி உயரத்தையும் அண்ணாந்து பார்த்துட்டு நிக்கிற கூட்டத்துல நானும் ஒருத்தி. அந்த வெளிச்சத்தை லட்சம் கண்ணு பார்க்குது. யாருமே பார்க்காத வெளிச்சம், யாருக்குமே படாத காத்து, இதுதான் வேஸ்ட்.

ராத்திரிக்குக் கணக்கு வேற

இப்போ ரோட்டு விளக்குக்கு வருவோம். இங்கதான் எனக்குக் கோபம் வரும்.

நம்ம ஊர்ல நவம்பர் கடைசியில சூரியன் மறையுறது சுமார் 5.50-க்கு. ஜூலை முதல் வாரத்துல சுமார் 6.40-க்கு. 50 நிமிஷ வித்தியாசம். "6 மணிக்கு ஆன்"னு டைமர் வச்சா ஜூலையில முக்கால் மணி நேரம் பகல்லயே எரியும். நவம்பர்ல இருட்டினதுக்கு அப்புறம்தான் எரியும். தேதிக்கு ஏத்த மாதிரி சூரிய நேரத்தைத் தானே கணக்குப் போடுற டைமர் மார்க்கெட்ல கிடைக்குது. 60 வாட் விளக்கு 100 இருக்கிற ஒரு கேம்பஸ்ல, தேவையில்லாத ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் 3 யூனிட் போகுது. இதைப் பிடிக்க வேண்டியதுதான். யாருக்கும் நஷ்டம் இல்ல.

ஆனா "எனர்ஜி சேவிங்"னு சொல்லி ராத்திரி ஒண்ணு விட்டு ஒண்ணு அணைக்கிறது வேற விஷயம். கணக்கைப் பாருங்க. 50 விளக்கை 8 மணி நேரம் அணைச்சா 24 யூனிட் மிச்சம். 192 ரூபாய். லேப் முடிச்சு எட்டு மணிக்கு மெயின் கேட் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்குற டே ஸ்காலர் பொண்ணா கேக்குறேன், லைப்ரரியில இருந்து ஹாஸ்டலுக்குத் திரும்புற என் ஃபிரண்ட்ஸுக்காகவும் கேக்குறேன்: அந்த 192 ரூபாய்க்கு, ரெண்டு கம்பத்துக்கு நடுவுல இருக்குற இருட்டை யார் நடந்து பார்த்தாங்க? அந்த முடிவு எடுத்த மீட்டிங்ல, ராத்திரி அந்த வழியா நடக்குறவங்க ஒருத்தராவது இருந்தாங்களா? பாம்பு நடமாடுற, மரம் அடர்ந்த கேம்பஸ் நம்மளுது. ஆளுக்குப் பயப்படுறவங்க, பாம்புக்குப் பயப்படுறவங்க, பள்ளத்துக்குப் பயப்படுறவங்க எல்லாருக்கும் அந்த விளக்கு வேணும்.

வேற வழி இருக்கு. எல்இடி விளக்கை அணைக்காமலே மங்க வைக்கலாம். எல்லா விளக்கும் எரியட்டும். நடு ராத்திரியில இருந்து காலை 5 மணி வரைக்கும் 40 சதவீதத்துக்கு இறங்கட்டும், ஆள் வந்தா முழுசா ஏறட்டும். நூறு விளக்குல ஒரு ராத்திரிக்கு 18 யூனிட் மிச்சம், சுமார் 144 ரூபாய். இருட்டாக்கி மிச்சம் பண்ணினதுல முக்கால்வாசி, ஒரு கம்பத்தைக்கூட அணைக்காம கிடைக்குது. கண்ணுக்கும் நல்லது, ஏன்னா வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டுன்னு மாறி மாறி வர்ற பாதையை விட ஒரே சீரான மங்கல் வெளிச்சத்துல நல்லாத் தெரியும். ட்ரைவருக்குக் கூடுதல் செலவாகும், ஒத்துக்கிறேன். அதை கிளாஸ் ஃபேன்ல மிச்சமாகுற காசுல இருந்து கொடுங்க.

96 ஆடும் ஒரு விளக்கும்

சென்சார் சிஸ்டம் எல்லாம் எங்க தோக்குது தெரியுமா? போட்ட முதல் மாசத்துல இல்ல, மூணாவது வருஷத்துல. ஒரு சென்சார் கெட்டுப்போகும். ஸ்பேர் இருக்காது. கிளாஸ் நடக்கணும். எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து டைரக்ட் கொடுத்துட்டுப் போயிடுவார். அவர் மேல தப்பே இல்ல. அவர்கிட்ட சென்சார் கொடுத்தவங்க ஸ்பேரும் கொடுக்கல, எப்படி வேலை பார்க்குதுன்னும் சொல்லல. இப்படி ஒவ்வொண்ணா டைரக்ட் ஆகி, கடைசியில சுவத்துல வெள்ளை டப்பா மட்டும் மிஞ்சும்.

இதுக்குப் பதில் நம்ம பக்கத்து ஊர்லயே கல்லுல வெட்டியிருக்கு. தஞ்சைப் பெரிய கோயில்ல ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்த்தா, ஒரு விளக்கு தினமும் எரியறதுக்கு 96 ஆடு கொடுத்திருக்காங்க. அதை வாங்கிக்கிட்ட இடையர்கள் தினமும் ஒரு உழக்கு நெய் அளக்கணும். எந்த ஆள், எந்த ஊர்னு பேரோட பதிவாகியிருக்கு. இப்படிக் கொடுத்த ஆட்டுக்குக் கல்வெட்டுல வர்ற பேரு "சாவா மூவாப் பேராடு". ஆடு சாகும், ஆனா எண்ணிக்கை குறையக் கூடாது. குட்டியை வச்சு நிரப்பிக்கிட்டே இருக்கணும். ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகள்லயும் விளக்குக்குக் கொடுத்த தானங்கள் இருக்கு.

இஞ்சினியர் கண்ணால பாருங்க. விளக்கு எத்தனை, ஒரு நாளைக்கு எவ்வளவு எரிபொருள், யார் பொறுப்பு, கெட்டுப்போனா எதை வச்சு நிரப்புறது. நாலும் எல்லாரும் பார்க்குற சுவத்துல. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு விளக்குக்கு இருந்த கணக்கு, இன்னைக்கு நம்ம பிளாக்ல இருக்குற நூறு விளக்குக்கு இல்ல. ஒரு பிளாக் மாசம் எத்தனை யூனிட் எடுக்குதுன்னு நம்மள்ல யாருக்காவது தெரியுமா?

வீட்ல நமக்குத் தெரியும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்க வர்றப்போ, 500 யூனிட்டைத் தாண்டிடுச்சான்னு அம்மா முதல்ல கேப்பாங்க. அதனாலதான் வீட்ல ரூமை விட்டு வர்றப்போ கை தானா ஸ்விட்ச்சுக்குப் போகுது. காலேஜ்ல அதே கை பாக்கெட்டுக்குள்ள இருக்கும். குணம் மாறல, கணக்கு கண்ணுல படல, அவ்வளவுதான்.

ரெண்டு எதிர்க்கேள்வி

"படிச்ச பசங்க, அவங்களே அணைக்கட்டும். எதுக்கு சென்சார்?" நியாயமான கேள்வி. ஆனா வீட்ல ரூமை விட்டுக் கடைசியா வர்றது யாருன்னு தெரியும். அறுபது பேர் கிளாஸ்ல கடைசியா வெளிய வர்றவங்கன்னு யாரும் கிடையாது. பின்னாடி இன்னும் யாரோ இருக்காங்கன்னு எல்லாருமே நினைப்போம். சாயங்காலம் மாடி மாடியா ஏறி அணைச்சுட்டு வர்ற வாட்ச்மேன் தாத்தா இல்லைன்னா, விடிய விடிய எரியும். அவர் முட்டிக்காகவாவது சென்சார் வேணும். எந்த ரூம் தினமும் எரிஞ்சுக்கிட்டு இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும். எங்க முதல்ல போடணும்னு அவர்கிட்ட கேளுங்க.

"இத்தனை யோசிக்கிறதுக்கு மாடியில சோலார் போட்டுடலாமே?" போடலாம், போடணும். ஆனா ஆளில்லாத ரூம்ல ஃபேன் சுத்த சோலார் கரண்ட் கொடுக்கிறதும் வேஸ்ட்தான். 2012-ல நாம சின்னப் பிள்ளைங்க. சென்னையைத் தாண்டின ஊர்கள்ல பத்து மணி நேரத்துக்கும் மேல கரண்ட் போன நாட்கள் இருந்தது. பாட்டி விசிறியால வீசிவிட்டது நம்ம வயசுக்காரங்க பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அப்போ ஒரு மணி நேர ஃபேனோட மதிப்பு எல்லாருக்கும் தெரிஞ்சது. அது மறக்கக் கூடாத பாடம்.

என்ன கேக்கலாம்

நிர்வாகத்துகிட்ட நான் கேக்குறது ரொம்பப் பெருசா இல்ல. ஒரே ஒரு பிளாக். முதல்ல ஒரு எனர்ஜி மீட்டர் வச்சு ஒரு மாசம் ரீடிங் மட்டும் எடுப்போம். அப்புறம் பத்து கிளாஸ்ல ஃபேனும் லைட்டும் சேர்த்து, ஆன் கையால, ஆஃப் சென்சாரால, 15 நிமிஷம், எக்ஸாமுக்கு விலக்கு. இன்னொரு மாசம் ரீடிங். வெயில் காலத்தோட மழைக்காலத்தை ஒப்பிட்டு ஏமாறாம, சென்சார் போடாத பத்து கிளாஸையும் பக்கத்துல வச்சு ஒப்பிடுவோம். ஸ்பேர் சென்சார் அஞ்சு, எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு அரை நாள் ட்ரெய்னிங், பொறுப்பாளர் பேர், எல்லாம் முதல் நாள்லயே. நடைபாதை விளக்கு விஷயத்துல எந்த முடிவும் ராத்திரி நடக்குறவங்களைக் கேக்காம எடுக்க வேண்டாம்.

ஜூனியர்ஸ்கிட்டயும் ஒண்ணு. பிஐஆர் வேலை செய்யும்னு நிரூபிக்க இன்னொரு மாடல் தேவையில்ல, அது நிரூபிச்சு ரொம்ப வருஷம் ஆச்சு. மே மாச வெயில்ல, 60 பேர் அசையாம உட்கார்ந்திருக்கிற நிஜ ரூம்ல அது எத்தனை தடவை தப்பு பண்ணுதுன்னு அளந்து சொல்லுங்க. அந்த டேட்டா நம்ம யார்கிட்டயும் இல்ல. அது ஒரு நல்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், ஒரு பேப்பருக்கும் தேறும்.

நான் போட்ட கணக்கு ஒரு மாதிரி ரூமுக்கானது. அந்தக் கணக்குப்படி நூறு கிளாஸ்னா வருஷத்துக்கு 30,400 யூனிட், சுமார் 2.4 லட்சம் ரூபாய். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுன்னு வச்சா 21 டன். நிஜத்துல இது கூடலாம், குறையலாம். ரீடிங் எடுத்துப் பார்த்துடுவோம். சரியா வந்தா எல்லா பிளாக்குக்கும் போடுவோம். சரியா வரலைன்னா, அந்த ரீடிங்கையும் அதே நோட்டீஸ் போர்டுல எல்லாரும் பார்க்குற மாதிரி ஒட்டுவோம்.